மழைநீர் வடிகாலும் மாநகரின் வாழ்வும்

ஒரு நகரத்தின் பெருமையை எடுத்துரைப்போர் அதன் மாடமாளிகைகளையும் அகன்ற வீதிகளையும் துறைமுகத்தையும் எடுத்துக்காட்டுவர். அந்நகரின் வடிகால்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. வடிகால் என்பது பெரும்பாலும் வீதியின் கீழே மறைந்து கிடப்பது. வெயிற்காலத்தில் எவர் கண்ணிலும் படாதது. ஓரிரவு பெருமழை பெய்து, விடியற்காலையில் முற்றத்தில் முழங்காலளவு நீர் நிற்கும்பொழுதுதான் அதன் நினைவு வருகின்றது. நீர் வடிந்து சேறு காய்ந்ததும் அந்நினைவும் அகன்றுவிடுகின்றது.

வடிகால் ஒன்றைக் கட்டுவது வேறு. கட்டிய வடிகால் நெடுங்காலம் பயன் தருமா என்று மதிப்பிடுவது வேறு. திறப்பு விழா நாளிலே எந்த வடிகாலும் நன்றாகவே தோன்றும். கொங்கிறீற்று வெண்மையாக இருக்கும். உள்ளே மண் படிந்திராது. அருகில் புதிய கட்டடங்களும் எழுந்திரா. முப்பது ஆண்டுகள் கழிந்து, மேட்டு நிலமெல்லாம் கூரையும் தாருமாக மாறி, மழையின் போக்கும் மாறிய பின்னர் அதே வடிகால் தன் தொழிலைச் செய்யுமா என்பதே கேள்வி. இத்தகைய நீடித்த பயனையே இக்காலத்து அறிஞர் ‘நிலைபேறு’ என்று குறிப்பிடுகின்றனர். நகரத்து மழைநீர் வடிகாலின் நிலைபேற்றை எவ்வாறு அளந்தறிவது என்பதை, இலங்கையின் தலைசிறந்த வணிகமாநகராகிய கொழும்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்தல் பொருத்தமாகும்.

முதற்கண் கொழும்பின் நில அமைப்பைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். கடற்கரையை அடுத்த நிலம் சற்று மேடானது. அதற்குக் கிழக்கே, கொலன்னாவை, கோட்டே, கிருலப்பனை ஆகிய பகுதிகளைத் தொட்டுக்கொண்டு, தாழ்ந்த சதுப்பு நிலம் பரந்து கிடக்கின்றது. இதிற் பல இடங்கள் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றரை ஒட்டிய உயரத்திலேயே உள்ளன. பழைய கோட்டே இராசதானி இச்சதுப்பு நிலத்தையே இயற்கை அகழியாகக் கொண்டு அமைந்தது. போர்த்துக்கேயர் தம் கோட்டையின் காவலுக்காக நீரைத் தேக்கிப் பேரை வாவியை உருவாக்கினர். பின்வந்த ஒல்லாந்தர் வாய்க்கால்களை வெட்டிப் படகுப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தினர். ஆங்கிலேயர் களனி கங்கையின் வெள்ளம் நகருட் புகாதவாறு கரையிலே அணை கட்டினர். இவ்வாறு நானூறு ஆண்டுகளுக்கு மேலாக மனிதர் கைபட்டு மாறிவந்ததே கொழும்பின் நீர்வழி அமைப்பு.

இந்தத் தாழ்நிலத்தில் விழும் மழைநீர் வெளியேறுவதற்கு வாயில்கள் சிலவே உண்டு. வடக்கே மதகு வழியாகக் களனி கங்கையை அடைய வேண்டும். முகத்துவாரத்திலுள்ள சுரங்க வழியாகக் கடலை அடைய வேண்டும். அல்லது வெள்ளவத்தை, தெஹிவளை வாய்க்கால்கள் வழியாக மேற்குக் கடலிற் கலக்க வேண்டும். களனி கங்கை பெருகியிருக்கும் நாட்களில், ஆற்றுநீர் நகருக்குள் திரும்பாதிருக்க, வடக்கு மதகை மூடவேண்டியதாகின்றது. அப்பொழுது உள்ளே பெய்யும் மழை உள்ளேயே தங்கும். வாய்க்கால்களின் சரிவும் மிகச் சிறிது. ஆதலின் நீர் விரைந்தோடுவதில்லை. இத்தகைய நகரத்தில் நீர் எவ்வழியாக வெளியேறும் என்று மட்டும் கேட்டல் போதாது. வெளியேறும் வரையில் அது எங்கே தங்கியிருக்கும் என்பதையும் கேட்டல் வேண்டும். இதுவே நிலைபேற்றை அளக்கும் முதற் கேள்வி.

கொழும்பில் அந்நீர் தங்குமிடம் சதுப்பு நிலமே. 1992ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் திகதி கொழும்பில் ஒரே நாளில் 490 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பெய்து நகரின் பெரும்பகுதியை வெள்ளக்காடாக்கியது. 2010ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மீண்டும் ஓரிரவில் 400 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்தபோது, தியவன்னா நீர்நிலையின் நடுவே அமைந்த பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தது. இவ்விரு வெள்ளங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வாய்க்கால்கள் அகழப்பட்டன, கரைகள் கட்டப்பட்டன. அதே காலத்திற் சதுப்பு நிலங்கள் மண்கொண்டு நிரப்பப்பட்டும் வந்தன.

இதன் விளைவைச் சிறு கணக்கொன்றால் விளக்கலாம். கொழும்புப் பெருநகரில் எஞ்சியுள்ள ஈரநிலம் ஏறத்தாழ 20 சதுர கிலோமீற்றர். அதில் அரை மீற்றர் உயரத்துக்கு நீர் ஏறுமாயின், அங்கே தங்கும் நீர் ஒரு கோடி கன மீற்றராகும். நூறு சதுர கிலோமீற்றர் பரப்பில் 100 மில்லிமீற்றர் மழை பெய்து, ஒரு துளியும் மண்ணிற் சுவறாது ஓடிவரினும், அந்நீர் முழுவதையும் ஏற்கத்தக்க கொள்ளளவு அது. அந்நிலத்தில் ஓர் ஏக்கரை ஒருவர் நிரப்பிக் கட்டடம் எழுப்பினால், அதே கணக்கின்படி 20 இலட்சம் லீற்றர் நீர் தன் இருப்பிடத்தை இழக்கின்றது. இழந்த நீர் மறைந்துபோவதில்லை; அயலார் வீட்டு வாசலுக்குச் செல்கின்றது. தம் நிலத்தை மேடாக்கியவர் நனைவதில்லை. அவருக்கு அடுத்த தாழ்நிலத்தில் வாழ்பவரே நனைகின்றார்.

இரண்டாவது கேள்வி, வடிகாலை நோக்கி ஓடிவரும் நீரின் அளவு பற்றியது. அயர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் மல்வானி என்பார் 1851ஆம் ஆண்டிலேயே இதற்கொரு கணக்குமுறையை வெளியிட்டார். மழையின் கடுமை, நிலத்தின் பரப்பு, விழும் மழையில் எத்தனை பங்கு ஓடும் என்னும் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால், வடிகாலுக்கு வரும் உச்ச நீரோட்டம் தெரியும். ஒரு ஹெக்டேயர் நிலத்தில் மணிக்கு 50 மில்லிமீற்றர் வேகத்தில் மழை பெய்வதாகக் கொள்வோம். அந்நிலம் புல்லும் மரமும் நிறைந்ததாகவிருந்து, மழையில் ஐந்திலொரு பங்கே ஓடுமாயின், செக்கனுக்கு 28 லீற்றர் அளவே வடிகாலை அடையும். அதே நிலம் கூரையும் தாரும் கொங்கிறீற்றுமாக மாறி, பத்தில் ஒன்பது பங்கு ஓடுமாயின், செக்கனுக்கு 125 லீற்றர் வரும். மழை மாறவில்லை, வடிகாலும் மாறவில்லை, நிலத்தின் மேற்பரப்பு மாறியதால் மட்டுமே நீரோட்டம் நான்கு மடங்குக்கு மேல் உயர்ந்துவிட்டது. ஆதலின் கட்டிய நாளில் நகரம் எவ்வாறிருந்தது என்பதைக் கொண்டு வடிகாலை மதிப்பிடல் பிழை. அதன் ஆயுட்காலத்தில் நகரம் எவ்வாறு மாறும் என்பதைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.

மழையைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். ‘பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மழையைத் தாங்கும் வடிகால்’ என்று பொறியியலாளர் கூறுவதுண்டு. அதைக் கேட்போர், ஒருமுறை வெள்ளம் வந்துவிட்டால் இனிப் பத்தாண்டுக்கு அச்சமில்லை என்று எண்ணிவிடுகின்றனர். அதன் பொருள் அதுவன்று. ஒவ்வோராண்டும் அத்தகைய மழை வருவதற்குப் பத்தில் ஒரு பங்கு வாய்ப்புண்டு என்பதே அதன் பொருள். அவ்வாறாயின், எந்தப் பத்தாண்டை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் ஒரு முறையேனும் அம்மழை வருவதற்கு நூற்றுக்கு 65 பங்கு வாய்ப்புண்டு என்று கணிதம் காட்டுகின்றது. மேலும், அவ்வளவையெல்லாம் பழைய மழைப்பதிவுகளைக் கொண்டே வகுக்கின்றனர். வளிமண்டலம் வெப்பமடையுந்தோறும் அது தாங்கும் நீராவியும் மிகுவதால், குறுகிய நேரத்திற் கொட்டும் கனமழை பெருகுமென அறிவியல் கூறுகின்றது. கடல்மட்டமும் உயர்ந்துவருகின்றது, அது உயருந்தோறும் சரிவு குறைந்த கொழும்பு வாய்க்கால்களின் ஓட்டம் தளரும். ஆதலின் வடிகாலின் அளவை மிஞ்சிய மழையும் ஒரு நாள் வந்தே தீரும். அந்நாளில் மிகுந்த நீர் விளையாட்டு மைதானத்திலும் பூங்காவிலும் நிற்குமா, மருத்துவமனையிலும் வீடுகளிலும் புகுமா என்பதை முன்னரே வகுத்து வைத்திருப்பதே நல்ல திட்டம்.

மூன்றாவது கேள்வி: வடிகாலைத் துப்புரவு செய்பவர் யார்? அதற்கான பணம் எங்கிருந்து வரும்? ஒரு மீற்றர் அகலமும் ஒரு மீற்றர் ஆழமும் உள்ள வடிகாலிற் பாதி ஆழம் மண் படிந்துவிட்டால், எஞ்சியிருப்பது பாதிக் கொள்ளளவு என்று பலர் எண்ணுவர். உண்மையில் நீர், அடியிலும் பக்கங்களிலும் உராய்வதனால், ஏறத்தாழ நாற்பது வீதமே எஞ்சும். அதன்மேற் பொலித்தீன் பைகளும் பிளாஸ்ரிக் போத்தல்களும் மதகின் வாயை அடைக்குமாயின், அதுவும் எஞ்சாது. கோடிக்கணக்கான ரூபாய் செலவிட்டு அமைத்த வடிகால், சில ஆயிரம் ரூபாய் கூலி கொடுத்து மண் அள்ளாமையாற் பயனற்றுப் போவதுண்டு.

கட்டுவதற்கு வெளிநாட்டுக் கடன் கிடைக்கும். திறந்து வைப்பதற்குப் பிரமுகர் வருவர். ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்னர் மண் அள்ளும் செலவுக்குக் கடனும் கிடைப்பதில்லை, விழாவும் இல்லை. அச்செலவு உள்ளூராட்சி மன்றத்தின் வரி வருமானத்திலிருந்தே வரவேண்டும். ஆகவே வடிகால் திட்டமொன்று முன்வைக்கப்படும்பொழுது, கட்டுமானச் செலவோடு அடுத்த முப்பது ஆண்டுகளின் துப்புரவுச் செலவையும் சேர்த்துக் காட்டாத கணக்கு முழுமையான கணக்காகாது. வடிகாலுள் இறங்கி வேலை செய்யும் தொழிலாளரின் உடல்நலக் காப்பும் அச்செலவிற் சேர்ந்ததே.

நான்காவது கேள்வி, வடிகாலில் ஓடுவது எத்தகைய நீர் என்பது. மழைநீருக்கென அமைந்த வாய்க்காலில் வீட்டுக் கழிவுநீரும் தொழிற்சாலைக் கழிவும் கலக்குமாயின், அது நோய் விளைக்கும் சாக்கடையாகிவிடும். தேங்கிய அழுக்கு நீரிற் பெருகும் கியூலெக்ஸ் நுளம்பே இந்நாட்டில் யானைக்கால் நோயைப் பரப்பிவந்தது. பல்லாண்டு முயற்சியின் பயனாக அந்நோய் இலங்கையிற் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்தது என 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும், அடுத்த ஆண்டாகிய 2017இல் வேறொரு நுளம்பு பரப்பும் டெங்குக் காய்ச்சல் 1,86,000க்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. டெங்கு நுளம்பு தெளிந்த நீரையே பெரிதும் நாடுவது. கூரைப் பீலியில் இலை அடைத்து நிற்கும் சிறிது நீரும் அதற்குப் போதும். ஆதலின் நீரை ஓடச் செய்வதோடு, தெருவாயினும் கூரையாயினும் அது தேங்காதவாறு காப்பதும் வடிகாலமைப்பின் கடமையாகும்.

ஐந்தாவது கேள்வி எல்லாவற்றிலும் கடினமானது. ஒரு திட்டத்தால் யார் காக்கப்படுகின்றனர், யார் சுமை தாங்குகின்றனர் என்பதே அது. கொழும்பிலே வாய்க்கால் ஓரங்களிலும் சதுப்பு நில விளிம்புகளிலும் குடியிருப்போர் பெரும்பாலும் வேறிடம் வாங்க வசதியற்றவர்கள். வெள்ளம் முதலிற் புகுவதும் கடைசியாக வடிவதும் அவர்கள் வீட்டிலேயே. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொலன்னாவைப் பகுதியின் மீதொட்டமுல்லையில் மலைபோற் குவிந்திருந்த குப்பை சரிந்து, முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீர் தங்க வேண்டிய தாழ்நிலத்திலே நகரத்துக் குப்பையைக் கொட்டிவந்தமையின் கொடிய பயன் அது. வாய்க்காலை அகலமாக்கும்பொழுது கரையிலுள்ள வீடுகளை அகற்றவேண்டி நேரலாம். அவ்வாறு அகற்றப்படுவோர் தொழிலுக்குச் செல்லவும் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவும் ஏற்ற இடத்திற் குடியமர்த்தப்படாராயின், ஒரு துன்பத்தை நீக்கி மற்றொரு துன்பத்தைக் கொடுத்ததாகவே முடியும். அவர்கள் வேறொரு வாய்க்காலின் கரைக்கு வந்துசேரவும் கூடும்.

இவ்வைந்து கேள்விகளும் எங்கும் பொருந்துவன. விடைகளோ ஊருக்கு ஊர் வேறுபடும். கொழும்புக்கு மாறான இயல்புடைய யாழ்ப்பாணத்தை நோக்கினால் இது விளங்கும். அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்த அந்நிலத்தில், மாரி மழை மண்ணிலும் கல்லிடுக்கிலும் இறங்கி நிலத்தடியிற் சேர்வதே கிணற்று நீராகின்றது. அந்நகரின் குளங்கள் வெள்ளத்தை ஏற்கும் ஏனங்களாகவும் கிணறுகளை ஊட்டும் தாயாகவும் விளங்கின. ஒரு குளத்தை மற்றொன்றோடும் கடலோடும் இணைத்த வெள்ளவாய்க்கால்கள் தூர்ந்தும் மறிக்கப்பட்டும் போன இடங்களில், மாரியில் வெள்ளமும் கோடையில் நீர்ப்பஞ்சமும் தோன்றுகின்றன. 2008ஆம் ஆண்டு நவம்பரில் ‘நிஷா’ புயலோடு வந்த பெருமழை, அடைபட்ட வழிகளால் வரும் துன்பத்தை அங்குள்ளோர்க்கு நன்கு உணர்த்தியது. ஆதலின் அங்கே மழைநீர் முழுவதையும் விரைந்து கடலுக்கு அனுப்பும் வடிகால், எத்துணை உறுதியாகக் கட்டப்படினும், நிலைபேறுடையதாகாது. வெள்ளத்தைத் தணித்தலும் நீரைச் சேமித்தலும் ஒருங்கே நிகழவேண்டும். 2021ஆம் ஆண்டில் ஆரியகுளம் புதுப்பிக்கப்பட்டது போல ஏனைய குளங்களும் பேணப்படல் வேண்டும். குளத்துக்கு அழகிய கரை அமைப்பதோடு, அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலும் திறந்திருத்தல் வேண்டும்.

மீண்டும் கொழும்பை நோக்குவோமாயின், 2010ஆம் ஆண்டு வெள்ளத்தின் பின்னர் நிகழ்ந்தவை கருதத்தக்கன. 2012ஆம் ஆண்டில் உலக வங்கி 213 மில்லியன் டொலர் கடன் வழங்க, பெருநகர அபிவிருத்தித் திட்டமொன்று தொடங்கப்பட்டது. வாய்க்கால்களைச் சீர்செய்தல், நீரிறைக்கும் நிலையங்கள், முகத்துவாரத்திற் புதிய சுரங்கவழி முதலியன அதில் இடம்பெற்றன. அத்திட்டத்தின்போதே, ஈரநிலங்கள் முற்றாக அழியுமாயின் கொழும்புப் பெருநகர் தன் ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கைச் சராசரியாக ஒவ்வோராண்டும் வெள்ளத்துக்கு இழக்க நேரும் என மதிப்பிட்டனர். பயனற்ற சேற்று நிலம் என்று எண்ணப்பட்டது, வாடகை கேளாது வேலை செய்யும் பெரும் நீர்த்தேக்கம் என்பது அப்பொழுது எண்ணிக்கையால் விளங்கியது. 2018ஆம் ஆண்டில், ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ‘ஈரநில நகரம்’ என்னும் சிறப்பையும் கொழும்பு பெற்றது.

தாழ்நிலங்களை மீட்டெடுத்து அபிவிருத்தி செய்வதற்கென 1968ஆம் ஆண்டில் ஒரு சபை அமைக்கப்பட்டது. அதன் வழிவந்த கூட்டுத்தாபனமே பிற்காலத்தில் வாய்க்கால்களையும் ஈரநிலங்களையும் காக்கும் பொறுப்பையும் ஏற்றது. ஒரு தலைமுறைக்குள் கருத்து எத்துணை மாறியது என்பதற்கு இஃது ஒரு சான்று. ஆயினும் சிறப்புப் பட்டம் நிலத்தைக் காவல் செய்வதில்லை. நகரத்து நிலத்தின் விலை உயருந்தோறும் சதுப்பு நிலத்தின் மேலுள்ள நாட்டமும் உயர்கின்றது. ஒரு வண்டி மண் இரவிற் கொட்டப்படும். சில மாதங்களில் வேலி எழும். சில ஆண்டுகளில் வீடு எழும். நீரிறைக்கும் யந்திரமும் சுரங்கமும் இன்றியமையாதனவே. ஆனால் அவற்றின் அளவுகள், எஞ்சிய ஈரநிலம் எஞ்சியே இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் வகுக்கப்பட்டவை. நிலம் குறைந்தால் யந்திரமும் போதாதாகும். மின்சாரம் தடைப்படும் புயலிரவில் யந்திரம் நிற்கவும் கூடும். சதுப்பு நிலம் தன் வேலைக்கு மின்சாரம் கேட்பதில்லை.

இனி, பொதுமக்கள் செய்யக்கூடியது யாதெனில், தத்தம் ஊரில் வடிகால் திட்டம் ஒன்று வரும்பொழுது இக்கேள்விகளை மன்றத்திற் கேட்பதேயாகும். நீர் வெளியேறும் வரை எங்கே தங்கும்? நகரம் வளர்ந்த பின்னும் வடிகால் போதுமா? ஆண்டுதோறும் துப்புரவு செய்யப் பணம் ஒதுக்கப்பட்டுள்ளதா? கழிவுநீர் கலவாதிருக்க என்ன வழி? தாழ்நிலத்தார் கதி யாது? இவ்வைந்துக்கும் எழுத்தில் விடையுள்ள திட்டம் ஆதரிக்கத்தக்கது. விடையில்லாத திட்டம், எத்தனை மைல் நீளமாயினும், அடுத்த பெருமழை வரையிலான ஆறுதலே.

வீட்டளவிற் செய்யக்கூடியனவும் உண்டு. முற்றம் முழுவதையும் சீமெந்தால் மூடாது, ஒரு பகுதியை மண்ணாகவே விடலாம். கூரைநீரைத் தொட்டியிற் சேர்த்து மூடிவைக்கலாம். வாசலோர வாய்க்காலிற் குப்பை போடாதிருக்கலாம். இவை சிறியனவாயினும், பல்லாயிரம் வீடுகளிற் கைக்கொள்ளப்படின் வடிகாலின் சுமை குறையும். பருவமழை ஆண்டுதோறும் தவறாது வருவது. அது வருமுன்னரே வழியும் தங்குமிடமும் ஒதுக்கி வைத்த நகரங்களில், தாழ்ந்த தெருவில் வாழும் ஏழையும் மழையிரவில் அச்சமின்றி உறங்குவான்.